பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது யார்?

கேள்வி இதுதான்: “யாத்திராகமத்தில் கடவுளே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று இருக்கிறது. அப்படியென்றால் அவனைத் தண்டித்தது என்ன நியாயம்? ஆதித் திருச்சபையினர் இதை எப்படிப் படித்தார்கள்? அகஸ்டினுக்கு முன்பு எல்லோரும் மனிதனுக்குச் சுயசித்தம் உண்டு என்றுதான் நம்பினார்கள், அவர்தான் தப்பான லத்தீன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டார் என்கிறார்களே, உண்மையா?”

முன்பாதி 2000 வருஷமாகக் கேட்கப்படுகிற கேள்வி. ஞாயிறு பள்ளியில் நான் கேட்டபோது “அதெல்லாம் கேட்கக் கூடாது” என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் ஆதிக்காலத்து உரையாசிரியர்கள் யாரும் இதைக் கேட்கக் கூடாத கேள்வியாக நினைக்கவில்லை. பின்பாதி, அதாவது லத்தீன் திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகஸ்டின் மீது போடும் பழி, பாதிதான் உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் வசனத்தைப் பார்த்துவிடலாம். யாத்திராகமம் 8:15-ல், தவளைகள் ஒழிந்து கொஞ்சம் மூச்சு விட முடிந்ததும், பார்வோன் ‘தன் இருதயத்தைக் கடினப்படுத்தி’னான் என்று இருக்கிறது. 8:32-லும் அவனே செய்கிறான். 9:12-ல், ஆறாவது வாதையான கொப்புளங்களின்போதுதான், ‘கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார்’ என்று நிகழ்ந்த செய்தியாக வருகிறது. இதை வைத்துப் பல பிரசங்கிகள் “முதலில் அவனாகக் கெட்டான், அப்புறம்தான் கடவுள் கைவிட்டார்” என்று முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 4:21-ஐ என்ன செய்வது? மோசே இன்னும் எகிப்துக்குள் கால் வைக்கவில்லை, ஒரு வாதையும் தொடங்கவில்லை, அதற்குள்ளேயே ‘நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்’ என்று கர்த்தர் சொல்லிவிடுகிறார். ஆக வரிசையைக் காட்டி மட்டும் தப்பிக்க முடியாது.

போதாததற்குப் பவுல் ரோமர் 9-ல் இதையே எடுத்துப் போட்டு, ‘எவனைக் கடினப்படுத்தச் சித்தமாயிருக்கிறாரோ அவனைக் கடினப்படுத்துகிறார்’ என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார். பக்கத்திலேயே, பிறக்கும் முன்பே தெரிந்துகொள்ளப்பட்ட யாக்கோபும் தள்ளப்பட்ட ஏசாவும். அதற்கும் பக்கத்தில், ஒரே களிமண்ணில் கனத்துக்கு ஒரு பாத்திரமும் கனவீனத்துக்கு ஒன்றும் செய்கிற குயவன். ஆதித் திருச்சபையின் சுயசித்தச் சண்டை முழுவதும் ஏறக்குறைய இந்த ஓர் அதிகாரத்தைச் சுற்றித்தான் நடந்தது.

இனி காலத்தைக் கவனியுங்கள். முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு எதிரே நின்றவர்கள் யார்? ஒரு பக்கம் விதி, நட்சத்திரம், ஜாதகம் என்று நம்பிய ஊர். இன்னொரு பக்கம், இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று சொன்ன ஞானவாதிகள். ரோமில் சுமார் 155-ல் எழுதிய யுஸ்தின், எல்லாம் விதிப்படி என்றால் நல்லவனைப் புகழவோ கெட்டவனை ஏசவோ என்ன இடம் இருக்கிறது என்று கேட்கிறார். ‘நீ ஜீவனைத் தெரிந்துகொள்’ என்ற உபாகமம் 30-ஐக் காட்டுகிறார். சிரியாவின் எடெசா நகரத்தில் வாழ்ந்த பர்தைசான் (154–222) சொன்ன வாதம் இன்னும் ருசியானது. அவருடைய சீடர் எழுதிவைத்த உரையாடலில், ஒவ்வொரு நாட்டிலும் எல்லா நட்சத்திரத்திலும்தான் பிள்ளைகள் பிறக்கிறார்கள், ஆனாலும் அந்தந்த ஜனம் அந்தந்த வழக்கப்படியே நடக்கிறதே, அப்படியானால் நட்சத்திரம் எங்கே ஆள்கிறது என்று கேட்கிறார். இதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று இந்தியப் பிராமணர்கள்: கொல்வதில்லை, மாமிசமும் மதுவும் தொடுவதில்லை; அதே இந்தியாவில் மற்றவர்கள் அப்படி இல்லை. அந்தக் காலத்துச் சிரியாக்காரர் ஜாதகத்தை மறுக்க நம் பக்கத்திலிருந்து சாட்சி தேடியிருக்கிறார்!

ஞானவாதிகளில் வலந்தீனியர்கள் மனிதரை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஆவிக்குரியவர், ஆத்துமாவுக்குரியவர், மண்ணுக்குரியவர். முதல் வகை எப்படியும் கரையேறும், மூன்றாம் வகை எப்படியும் அழியும். பார்வோன் மூன்றாம் வகை, அவ்வளவுதான் கதை. மார்சியோன் வேறு மாதிரி. 144-ல் ரோம் சபையைவிட்டு வெளியேற்றப்பட்ட அவர், ஒருவனைக் கடினப்படுத்திவிட்டு அப்புறம் அடிக்கிற கடவுள் இயேசுவின் பிதாவாக இருக்க முடியாது என்று பழைய ஏற்பாட்டையே தள்ளிவைத்தார். ஆக ‘பார்வோனுக்கு நியாயம் கிடைத்ததா’ என்பது யாரோ ஓர் எகிப்து ராஜாவைப் பற்றிய வீண் விசாரணை இல்லை. யூதர்களின் வேதத்தைக் கிறிஸ்தவர்கள் கையில் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

லியோன் நகரத்து ஆயர் இரேனியு சுமார் 180-ல் இதற்கு ஒரு சிறு பதில் தருகிறார்: கண் நோயாளிக்குச் சூரிய வெளிச்சம் குருட்டைத் தருகிறது, நல்ல கண்ணுக்கு அதே வெளிச்சம் பார்வையைத் தருகிறது, குறை சூரியனிடம் இல்லை. இந்த விதையை எடுத்து மரமாக வளர்த்தவர் ஓரிகேன்.

ஓரிகேனிடம் கொஞ்சம் தங்கியே ஆக வேண்டும். சுமார் 185-ல் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். 202-ல் தகப்பனார் லெயோனிதெஸ் இரத்தசாட்சியானார். பிற்பாடு பாலஸ்தீனத்தின் செசரியாவுக்குப் போய்விட்டார். 230-ஐ ஒட்டி அவர் எழுதிய ‘முதற்கோட்பாடுகள்’ என்ற நூலின் பெரும்பகுதி இன்று ரூபினுஸ் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. ரூபினுஸ் இடக்கான இடங்களில் கைவைத்தவர், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நம் அதிர்ஷ்டம், சுயசித்தத்தைப் பற்றிய மூன்றாம் புத்தகத்தின் முதல் அதிகாரம் நீண்ட கிரேக்க மூலமாகவே தப்பியிருக்கிறது.

அவருடைய வாசிப்பு முறையைத் தெரிந்துகொள்ளாமல் பார்வோனுக்குப் போனால் பாதி புரியாது. மனிதனுக்கு உடல், ஆத்துமா, ஆவி இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று தளம் உண்டு என்கிறார். வேதத்தில் முட்டுக்கட்டைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கின்றன என்றும் சொல்கிறார். சூரியனும் சந்திரனும் இல்லாமலேயே முதல் மூன்று நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் இருந்தன என்று புத்தியுள்ள யார் நம்புவான் என்று ஆதியாகமத்தைப் பற்றி அவரே கேட்கிறார். படித்துக்கொண்டே போகிறவன் காலில் இடறட்டும், இடறினால்தான் நின்று குனிந்து பார்ப்பான் என்பது அவர் எண்ணம். பார்வோன் அப்படி ஓர் இடறல். கடவுள் நல்லவர், நீதியுள்ளவர் என்பது வேதம் முழுக்கச் சொல்லும் செய்தி. அதற்கு ஒவ்வாததாக ஒரு வசனம் தோன்றினால், வசனத்தைத் தூக்கி எறியாதே, வாசித்த விதத்தை மாற்று.

முதலில் அவர் வலந்தீனியர்களைப் பிடிக்கிற பிடியைப் பாருங்கள். பார்வோன் இயல்பிலேயே மண், நல்லதுக்கு இசையவே முடியாதவன் என்கிறீர்கள். சரி, அப்படிப்பட்டவனை எதற்குக் கடினப்படுத்த வேண்டும்? கல்லை யாராவது கல்லாக்குவார்களா? கடினப்படுத்த வேண்டியிருந்தது என்றாலே, விட்டிருந்தால் அவன் இளகியிருக்கக்கூடும் என்றுதானே அர்த்தம்? எதிராளி கொண்டுவந்த வசனத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார். இந்த ஒரு வாதத்துக்காகவே அந்த அதிகாரத்தைப் படிக்கலாம்.

அப்புறம் உவமைகள். எபிரெயர் 6-ல் வரும் மழையை எடுக்கிறார். ஒரே மழை, உழுத நிலத்தில் பயிர், தரிசில் முள். மழைக்கு வாய் இருந்து “பயிரையும் நான்தான் விளைவித்தேன், முள்ளையும் நான்தான் விளைவித்தேன்” என்று சொன்னால், காதுக்குக் கடூரமாக இருக்கும், ஆனால் பொய்யாகாது. சூரியனும் அப்படித்தான்: ஒரே வெப்பம் மெழுகை உருக்குகிறது, சேற்றைக் காய வைக்கிறது. எகிப்தில் நடந்த அதே அற்புதங்களைப் பார்த்துப் பார்வோன் இறுகினான். அதே அற்புதங்களைப் பார்த்த எகிப்தியரில் சிலர் இஸ்ரவேலரோடு கிளம்பிப் போனார்கள்.

மூன்றாவது உதாரணம்தான் எனக்குப் பிடித்தது. நல்ல எஜமான் வேலைக்காரனிடம் பொறுத்துப் பொறுத்துப் போகிறான், அவன் தறிகெட்டுப் போகிறான். கடைசியில் எஜமான் “உன்னைக் கெடுத்தது நான்தான்” என்று சொல்கிறான். இதை யாரும் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதில்லை. நம் வீடுகளில் அம்மா சொல்வாளே, “நான் குடுத்த செல்லம்தான் உன்னைக் கெடுத்து வெச்சிருக்கு” என்று, அதே பேச்சுதான். ஓரிகேன் சொல்வது, ‘கடினப்படுத்துவேன்’ என்பது அந்த வகைப் பேச்சு. ஒவ்வொரு வாதையையும் கடவுள் நிறுத்தினார், நிறுத்திய ஒவ்வொரு முறையும் பார்வோன் முறுக்கிக்கொண்டான். 8:15-ஐ மறுபடி படித்தால், இலகு உண்டானதைக் கண்டபோதுதான் அவன் இறுகினான் என்பது அப்படியே இருக்கிறது. இரக்கம்தான் அவனை இறுக்கியது.

இதோடு ஒரு வைத்தியரையும் கூப்பிடுகிறார். சீக்கிரம் மேலே ஆறிவிட்டால் உள்ளே சீழ் தங்கிவிடும், அதனால் வைத்தியர் புண்ணை வேண்டுமென்றே திறந்து வைக்கிறார். கடவுள் ஆத்துமாவைப் பார்த்துக்கொள்வது இந்த ஜென்மத்து ஐம்பது வருஷக் கணக்கில் அல்ல, முடிவில்லாத காலக் கணக்கில் என்கிறார். அதாவது கடலில் மூழ்கியதோடு பார்வோனின் கதையும் முடிந்துவிடவில்லை என்பதுவரை அவர் மனசு போகிறது.

குயவன் உவமையில் ஓரிகேன் செய்வது பழைய வழக்கறிஞர் வேலை. பவுலைப் பவுலை வைத்தே மறுக்கிறார். 2 தீமோத்தேயு 2:21-ல், ஒருவன் ‘தன்னைச் சுத்திகரித்துக்கொண்டால்’ கனத்துக்குரிய பாத்திரமாவான் என்று இருக்கிறதே! பாத்திரம் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது என்றால், எந்தப் பாத்திரமாவது என்பதில் அதற்கும் பங்கு இருக்கத்தானே வேண்டும்?

யாக்கோபு, ஏசா என்று வரும்போதுதான் வண்டி மேடேறத் திணறுகிறது. ‘பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்’ ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டான் என்று பவுல் எழுதியிருக்கிறார். மழை உவமை இங்கே உதவாது, ஏனென்றால் நிலம் என்று ஒன்று இன்னும் இல்லை. ஓரிகேன் கை வைப்பது ஒரு துணிச்சலான கருத்தில்: உடலுக்குள் வரும் முன்பே ஆத்துமாக்கள் இருந்தன, அப்போது செய்ததற்கேற்ப இப்போது நிலை வாய்க்கிறது. நம் காதுக்கு இது பழவினை மாதிரியே கேட்கும். ஆனால் அவர் மறுபிறவியை ஏற்கவில்லை, அதை வேறு இடத்தில் மறுத்தே எழுதியிருக்கிறார். ஒரு முன்னிலை உண்டு, அவ்வளவுதான். பின்னாளில் திருச்சபை அவர் பெயரைக் கரித்ததற்கு இந்தக் கருத்து ஒரு முக்கியக் காரணம். வசனம் ‘ஒன்றும் செய்யாமல்’ என்கிறது, அவரோ அதற்கு முன்பு செய்ததைத் தேடிப் போகிறார். இந்த இடத்தில் அவர் வசனத்தை விளக்கவில்லை, வசனத்திலிருந்து தப்பிக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு தந்திரமும் அன்றைக்குப் புழக்கத்தில் இருந்தது. பழைய கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோள் குறி கிடையாது. பவுலோ கற்பனையான எதிராளி ஒருவனோடு பேசிக்கொண்டே போகிறவர். ஆக, ‘விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்’ என்பது பவுலின் குரலா, பவுலை மடக்கப் பார்க்கிற எதிராளியின் குரலா? எதிராளியின் குரல் என்று ஓரிகேனின் ரோமர் உரை சொல்கிறது. பின்னாளில் அகஸ்டினோடு மோதிய பெலாகியுஸும் அந்த வழியைப் பிடித்தார். ஒரு மேற்கோள் குறியில் இறையியல் தலைகீழாகிவிடும்.

அந்தியோக்கியாவில் 390-களின் தொடக்கத்தில் ரோமர் நிருபத்தைப் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோமுக்கு ஓரிகேனின் மூன்று தளங்களில் ஆர்வம் இல்லை. நேரான பொருளைப் பிடிக்கிற பள்ளி அவருடையது. ஆனால் முடிவு என்னவோ அதேதான். குயவன் உவமையை அது எதற்காகச் சொல்லப்பட்டதோ அதற்கு மேல் இழுக்காதீர்கள், வாயடைக்கச் சொன்ன உவமை அது, மனிதனுக்கு விருப்பமே இல்லை என்று நிரூபிக்கச் சொன்னதல்ல என்கிறார். இரண்டு பள்ளிகளும் முறையில் வேறுபட்டும் சுயசித்தத்தில் ஒன்றுபட்டதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆக, அகஸ்டினுக்கு முந்தைய கிரேக்க ஆசிரியர்கள் சுயசித்தத்தை வலியுறுத்தினார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் ஏன் வலியுறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிரே நின்றவன் விதிவாதி. அவனோடு மல்லுக்கு நிற்கும்போது ரோமர் 9 சமாதானம் சொல்லிக் கடக்க வேண்டிய அதிகாரம். உபாகமம் 30 விளக்காகப் பிடிக்க வேண்டிய அதிகாரம்.

அகஸ்டின் (354–430) அதே இடத்திலிருந்துதான் தொடங்கினார். இளமையில் ஏறக்குறைய ஒன்பது வருஷம் மனிக்கேயக் கூட்டத்தில் இருந்தவர். தீமை என்பது இருளின் பொருள், அது நம்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் போதனை. 387-ல் ஞானஸ்நானம் வாங்கிய கையோடு அவர்களை எதிர்த்துச் சுயசித்தத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதத் தொடங்கினார். 392-ல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்தில் ஃபோர்த்துனாத்துஸ் என்ற மனிக்கேயரோடு பகிரங்க வாதம் நடந்தது. அங்கே ஒரு சங்கடம்: மனிக்கேயர் எடுத்துவிட்டது பவுலை. மாம்சம் ஆவிக்கு விரோதமாக இச்சிக்கிறது என்று பவுலே சொல்கிறாரே, அப்புறம் உங்கள் சுயசித்தம் எங்கே? பவுலை ஒழுங்காகப் படிக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று அகஸ்டினுக்குத் தைத்திருக்க வேண்டும். அடுத்த சில வருஷம் ரோமரும் கலாத்தியரும்தான் அவர் கையில்.

முதலில் அவருக்குக் கிடைத்த பதில் எளிமையானது: யாக்கோபு பின்னாளில் விசுவாசிப்பான் என்று கடவுள் முன்கூட்டியே அறிந்து தெரிந்துகொண்டார். செயலைப் பார்த்து அல்ல, விசுவாசத்தைப் பார்த்து. கொஞ்ச நாள் இதில் நிம்மதியாக இருந்தார். அப்புறம் 396–397 வாக்கில், மிலானிலிருந்து சிம்பிளிசியானுஸ் என்ற பெரியவர் ரோமர் 9-ஐப் பற்றிக் கேள்வி அனுப்பினார். பதில் எழுத உட்கார்ந்த அகஸ்டின், எழுதிக்கொண்டிருக்கும்போதே தன் பழைய பதில் நிற்கவில்லை என்று காண்கிறார். முன்னறிந்த செயலுக்காகத் தெரிந்துகொண்டார் என்பது செல்லாது என்றால், முன்னறிந்த விசுவாசத்துக்காக என்பது மட்டும் எப்படிச் செல்லும்? விசுவாசம் மட்டும் எங்கிருந்து வந்தது? 1 கொரிந்தியர் 4:7 கேட்கிறதே, நீ பெற்றுக்கொள்ளாதது எது என்று. பல வருஷம் கழித்து, 427-ல் தன் நூல்களையெல்லாம் திருப்பிப் பார்த்தபோது இதைப் பற்றி அவர் எழுதியதன் சாரம்: மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காக உழைத்துத்தான் பார்த்தேன், ஆனால் கடவுளின் கிருபை ஜெயித்துவிட்டது.

இதில் வருஷம் முக்கியம். பெலாகியுஸோடு சண்டை மூள இன்னும் 15 வருஷம் இருக்கிறது. பெலாகியுஸை எதிர்க்கும் வேகத்தில் அகஸ்டின் மறுகோடிக்குப் போனார் என்று பலர் சொல்வது அதனால் நிற்காது. பழைய ஆசிரியர்கள் சமாதானம் சொல்லிக் கடந்த அதிகாரத்தை அவர் விளக்காகக் கையில் எடுத்துவிட்டார். இனி மற்ற வசனங்கள்தான் அந்த வெளிச்சத்தில் சமாதானம் சொல்ல வேண்டும். திருப்பம் என்றால் அதுதான். பார்வோனைப் பற்றி அதே பதிலில் அவர் சொல்வது: கடினப்படுத்துதல் என்றால் கடவுள் கெட்டதை உள்ளே ஊட்டுகிறார் என்று பொருளில்லை, இரக்கத்தைத் தராமல் விடுகிறார். ஆதாமுக்குள் மனித இனம் முழுவதும் ஒரே பாவப் பிண்டம், அதிலிருந்து சிலரை எடுத்தால் இரக்கம், மற்றவரை விட்டால் நீதி. குயவனின் களிமண் இப்போது ஏற்கனவே கெட்டுப்போன மண்.

பெலாகியுஸ் பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த துறவி மாதிரியான ஆள். கெட்டவர் இல்லை, கண்டிப்பானவர். ரோமில் ஓர் ஆயர் அகஸ்டினின் ‘ஒப்புதல்கள்’ நூலிலிருந்து “நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு விரும்புவதைக் கட்டளையிடும்” என்ற வரியைச் சொன்னபோது அவருக்குத் தாங்கவில்லையாம், சண்டைக்கே போய்விட்டாராம். அகஸ்டினே இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஊரெல்லாம் பெயருக்குக் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்ட காலம். ‘என்னால் என்ன முடியும், கிருபை வரட்டும்’ என்று சொல்லிக்கொண்டு சொகுசாக இருப்பவர்களை அவர் தினமும் பார்த்திருப்பார். துறவு பூண்ட தெமெத்திரியாஸ் என்ற பெரிய குடும்பத்துப் பெண்ணுக்கு 413-ஐ ஒட்டி எழுதிய கடிதத்தில், நல்வாழ்வைப் பற்றிப் பேசும்போது முதலில் மனித இயல்புக்கு என்ன முடியும் என்று காட்டிவிட்டுத்தான் தொடங்குவேன் என்கிறார். முடியாததைக் கடவுள் கட்டளையிட மாட்டார், எனவே கட்டளை இருக்கிறது என்றாலே முடியும். ஆதாம்? கெட்ட முன்மாதிரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

410-ல் ரோம் சூறையாடப்பட்ட சமயத்தில் பெலாகியுஸ் ஆப்பிரிக்கா வழியாகப் பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார். 415 ஜூலையில் எருசலேமில் விசாரணை. குற்றம்சாட்ட வந்த ஓரோசியுஸுக்கு லத்தீன்தான் வரும், ஆயர் யோவானுக்குக் கிரேக்கம், நடுவில் மொழிபெயர்ப்பாளர் சொதப்பல். பெலாகியுஸுக்கோ கிரேக்கம் சரளம். அந்த டிசம்பரில் தியோஸ்போலிஸில் 14 ஆயர்கள் கூடி அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். கிழக்கத்தியர்களுக்கு அவர் சொன்னது புதிதாகப் படவே இல்லை. சுயசித்தம் உண்டு, கிருபை உதவுகிறது, இதில் என்ன தப்பு? ஆப்பிரிக்க ஆயர்கள் விடவில்லை. 418-ல் கார்த்தேஜ் சங்கம், பேரரசர் ஹொனோரியுஸின் ஆணை, ரோம் ஆயர் சோசிமுஸின் கண்டனம் என்று எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பேரரசர் கை வைத்ததும் வாதம் வாதமாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அந்த ‘தப்பான மொழிபெயர்ப்பு’. ரோமர் 5:12-ன் கடைசி வரியில் இருக்கிற கிரேக்கச் சொற்றொடரை ‘ஏனெனில் எல்லோரும் பாவம் செய்தார்கள்’ என்று எடுப்பதே இயல்பு. பழைய லத்தீனில் அது ‘அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்’ என்று படிக்கத்தக்கதாக வந்துவிட்டது. அவனுக்குள் என்றால் ஆதாமுக்குள். உங்கள் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள்: ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்று இருக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கத்தின் பக்கம் நின்றிருக்கிறார்கள். அகஸ்டினுக்குக் கிரேக்கம் அவ்வளவாக வராது என்பதும் உண்மை. ஆனால் அந்த வாசிப்பு அவர் கண்டுபிடித்ததல்ல. 366-க்கும் 384-க்கும் நடுவில் ரோமில் பெயர் போடாமல் பவுலுக்கு உரை எழுதிய ஒருவர் (பிற்கால அறிஞர்கள் அவரை அம்புரோசியாஸ்டர் என்கிறார்கள்) ஏற்கனவே ஆதாமுக்குள் எல்லோரும் ஒரு பிண்டமாகப் பாவம் செய்தார்கள் என்று எழுதிவிட்டார். அகஸ்டின் அந்த வரியை மேற்கோள் காட்டும்போது அதைப் புனித ஹிலாரி எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தார்! அதற்கும் முன்பு, 250-களில், கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், பிறந்த குழந்தை தான் செய்த பாவம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆதாமின் வழிவந்ததால் பழைய மரணத் தொற்றோடு பிறக்கிறது என்று எழுதியிருக்கிறார். பாவமன்னிப்புக்கு என்று சொல்லிக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோமே, எந்தப் பாவத்துக்கு என்பதுதான் அகஸ்டின் ஆப்பிரிக்காவில் ஓயாமல் கேட்ட கேள்வி. ஆகவே 5:12-ஐத் திருத்திவிட்டால் அகஸ்டின் கவிழ்ந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். அவர் கட்டடம் நிற்பது 9-ஆம் அதிகாரத்தின் மேலும் 1 கொரிந்தியர் 4:7-ன் மேலும். எக்லானும் ஆயர் ஜூலியான் இந்த இலக்கணத்தைக் காட்டி அவரைக் கடைசிவரை துரத்தினார். ஜூலியானுக்கு எழுதிய கடைசிப் பதில் முடியாமலே கிடக்க, வண்டல் என்ற ஜெர்மானிய இனத்துப் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த 430-ல் அகஸ்டின் இறந்தார்.

அகஸ்டின் வலிந்து பொருள் கொண்ட இடம் எது என்று கேட்டால் நான் 1 தீமோத்தேயு 2:4-ஐத்தான் காட்டுவேன். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படக் கடவுள் சித்தமுள்ளவராயிருக்கிறார் என்று அங்கே பளிச்சென்று இருக்கிறது. அவரோ ‘எல்லா மனுஷரும்’ என்றால் எல்லா வகை மனுஷரும், ராஜா முதல் ஏழை வரை, என்று சுற்றி வளைக்கிறார். பரிசேயர் ‘சகலவிதமான’ பூண்டுகளிலும் தசமபாகம் கொடுத்தார்கள் என்றால் உலகத்துப் பூண்டு எல்லாவற்றிலுமா என்று ஒரு குறுக்குக் கேள்வி வேறு. ஓரிகேன் ஏசாவிடம் செய்ததை இவர் இங்கே செய்கிறார்.

ஹத்ருமேத்தும் மடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 426-ஐ ஒட்டி, அந்த மடத்துத் துறவி ஒருவர் வேறொரு மடத்தில் அகஸ்டினின் கடிதம் ஒன்றைப் பார்த்து, பிரதி எடுத்துத் தன் மடத்துக்கு அனுப்பினார். மடம் இரண்டுபட்டது. கிருபைதான் எல்லாம் செய்கிறது என்றால் தப்பு செய்தவனைத் தலைவர் எதற்குக் கண்டிக்க வேண்டும்? கண்டிக்காமல் எங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணட்டுமே! அகஸ்டின் அவர்களுக்காக இரண்டு நூல்கள் எழுத வேண்டியதாயிற்று. முதலாவதில் பார்வோனுக்கு மறுபடி வருகிறார்: கடவுளும் கடினப்படுத்தினார், தம் நியாயத்தீர்ப்பினால்; பார்வோனும் கடினப்படுத்தினான், தன் சித்தத்தினால்.

தென் பிரான்சில் மார்செய் பக்கத்துத் துறவிகளுக்கு இது ஒத்துவரவில்லை. கிழக்கே எகிப்துப் பாலைவனத்தில் பழகி வந்த யோவான் காசியான், இரட்சிப்பை நோக்கிய முதல் அடி எப்போதும் மனிதனுடையது என்றால், எதிர்த்துக்கொண்டிருந்த பவுலையும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவையும் என்ன சொல்வது என்று கேட்டார். எப்போதும் கடவுளுடையது என்றால் மரத்தில் ஏறிய சகேயுவையும் சிலுவையில் தொங்கிய கள்ளனையும் என்ன சொல்வது? இரண்டு வகையும் வேதத்தில் இருக்கிறது, ஒன்றாக நசுக்காதீர்கள் என்பது அவர் நிலை. 529-ல் ஆரஞ்சு நகரத்தில் கூடிய சங்கம் விசுவாசத்தின் தொடக்கமே கிருபைதான் என்று அகஸ்டின் பக்கம் தீர்மானித்தது. ஆனால் கடவுள் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்பவர்களைச் சபித்தும் வைத்தது. கிழக்குத் திருச்சபைகள் இந்தத் தீர்மானத்தைச் சட்டையே செய்யவில்லை, கிறிசோஸ்தோமோடு நின்றுவிட்டன.

என் கருத்தையும் கேட்பீர்கள். பார்வோன் விஷயத்தில் நான் ஓரிகேன் பக்கம். யாத்திராகமத்தின் கதைப்போக்குக்கு அவர் உவமைகள் பொருந்துகிற அளவுக்கு வேறு எதுவும் பொருந்தவில்லை. யாக்கோபு விஷயத்தில் அகஸ்டின்தான் வசனத்துக்கு உண்மையாக இருந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தைக்கும் தண்டனை உண்டு, லேசானதுதான் என்று அவர் எழுதுகிற இடத்தில் என்னால் அவரோடு போக முடியவில்லை. நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால், யாத்திராகமம் 4 முதல் 14 வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு ரோமர் 9-க்குப் போங்கள். ஆனால் 9-ஆம் அதிகாரத்தோடு மூடிவைத்துவிடாதீர்கள். பவுல் அந்த வாதத்தை அங்கே முடிக்கவில்லை, 11:32 வரை இழுத்துக்கொண்டு போகிறார். எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப்போட்டது எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தான் என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்த ‘எல்லார்’ யார் என்பதிலும் ஓரிகேனும் அகஸ்டினும் ஒத்துப்போகவில்லை.